வழிப்போக்கருக்கு ஐந்தடி

அயல்நகரை அறிய விழைவோர் ஊர்தியை விடுத்து நடத்தல் வேண்டும். இடையே மழை வரின் இன்னும் நன்று. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் வெயிலும் மழையும் ஒரே பகலில் மாறி மாறி வரும். ஆங்கே பழைய கடைவீடுகளின் முன்புறம் ‘காக்கி லிமா’ எனும் ஐந்தடி நடைவழி உண்டு. நிலம் உரிமையாளருடையது, நிழலோ வழிப்போக்கருடையது.

இந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர் கோயிலும், மாரியம்மன் கோயிலும் அருகருகே விளங்கும் அந்நகரில், மழைக்கு ஒதுங்குவோரிடம் எவரும் சமயம் வினவுவதில்லை.

நம் முன்னோர் திண்ணை அமைத்ததும் இக்கருத்திலேயே. நாமோ திண்ணையை இடித்து இரும்புக் கதவிட்டோம். பிறர் ஒதுங்க ஐந்தடி நல்காத இல்லம் எத்துணை உயரினும் சிறிதே. மாணவச் செல்வங்களே, நாளை வீடு கட்டுங்கால் இதனை நினைவிற் கொள்வீராக!