சருகு கிடக்கட்டும்

இந்த வாரம் எனக்குக் கோபம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தை எங்கள் செம்பூர் சொசைட்டியில் கொண்டாடினார்கள். பின்பக்கச் சுற்றுச்சுவருக்கும் நாலா என்னும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவே ஒரு துண்டு நிலம் உண்டு. யாரும் நடாத ஆமணக்கு, உண்ணிச்செடி, பெயர் தெரியாத கொடிகள், எச்சத்தில் விழுந்து முளைத்த அத்தி, அடியில் கணுக்கால் புதையும் சருகு. விழாவுக்கு முந்தின நாள் ஆட்கள் வந்து அத்தனையையும் வழித்தெடுத்தார்கள். சருகைக் குவித்துத் தீ வைத்தார்கள். மறுநாள் காலை அந்த மொட்டைத் தரையில் வரிசையாகக் குழி தோண்டிக் கன்றுகள் நட்டார்கள். குழந்தைகள் கை தட்டினார்கள். புகை வாசனை இன்னும் மாடிப்படியில் இருந்தது.

கமிட்டிக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், மழைநீர் சேகரிப்புக்காக ஓடியாடியவர். "புதர்னா பாம்பு வரும், கொசு வரும் மாமா. இப்ப பாருங்க, எவ்வளவு க்ளீனா இருக்கு!" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அங்கே இப்போது எதுவும் இல்லை.

சருகு எரிப்பதைப் பற்றி நான் எழுதாத வருஷம் இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் மரங்களைப் பற்றி எழுதியபோது, "மரத்தைப் பாடுங்கள், குப்பையைப் பாடாதீர்கள்" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

மரம் நடுவதை நான் எப்படிக் குறை சொல்வேன்? 1950இல் கே.எம். முன்ஷி, நம் பம்பாய்க்காரர், மத்திய விவசாய, உணவு அமைச்சராக இருந்தபோது வனமகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். அன்றிலிருந்து ஜூலை முதல் வாரம் நாடெங்கும் கன்று நடுகிறோம். நட்டதில் எத்தனை பிழைத்தது என்ற கேள்வியை எல்லோரும் கேட்டாயிற்று. என் கேள்வி வேறு: நடுவதற்காக அங்கே ஏற்கெனவே இருந்த எதை அழித்தோம்?

பதில், ஜூன் தொடக்கத்தில் மும்பைக்கு வந்து இறங்கும் ஒரு பறவையிடம் இருக்கிறது. ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை அடிக்கும், அதனால் அந்தப் பெயர். மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை, சிறகில் பளீரென்று ஒரு நீலத் திட்டு, வயிறு சந்தன மஞ்சள், வாலடி குங்குமச் சிவப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை. வடக்கே இதை நவரங் என்கிறார்கள். இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு அது வாழ்வது தரையில். சருகைப் புரட்டிப் புரட்டி, அடியில் நெளியும் மண்புழுவையும் பூச்சியையும் தின்னும். தரையிலோ தாழ்ந்த கிளையிலோ சருகும் புல்லும் கொண்டு பக்கவாட்டில் வாசல் வைத்து உருண்டையாகக் கூடு கட்டும். மழைக்காலமே அதன் குஞ்சு பொரிக்கும் காலம். போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் நூற்றுச்சொச்சம் சதுர கிலோமீட்டர் காட்டில் இந்த நாட்களில் அதன் குரலைக் கேட்கலாம்.

பறவையியலாளர்கள் ஆறுமணிக்குருவியைப் பாடும் பறவைகளின் கிளையில் சேர்ப்பதில்லை. குரல்பெட்டியின் தசைகள் எளிமையானவை, இரண்டு சுரத்தோடு நின்றுவிடும். முழுப் பாட்டு வேண்டுமென்றால் அதே தரையில் அதே சருகைப் புரட்டும் செந்தலைப் பூங்குருவியிடம் போக வேண்டும். ஆரஞ்சுத் தலை, நீலச் சாம்பல் முதுகு. மழை விட்ட இடைவெளியில் தன் பாட்டோடு அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையும் கோத்துப் பாடும். அதற்கும் வேண்டியது நிழலும் ஈரமும் மக்கும் இலையும். எங்கள் கமிட்டி எரித்தது அந்த மூன்றையும்தான்.

இந்த இடத்தில் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அவருடைய 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தைப் பற்றி நான் முன்பும் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். ஆங்கிலத்தில் அவ்வளவு எழுதியவர் தமிழிலும் எழுதினார் என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது. அந்தத் தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்துக் கொடுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அதற்காகவே அவருக்குத் தமிழ் வாசகர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கிருஷ்ணனிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பிடிவாதம். யானைகளைக் காடு காடாகப் போய்க் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர், வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரணப் பறவைக்கும் அதே அக்கறையைக் கொடுத்தார். வெளிநாட்டு அழகு மரங்களைக் கொண்டுவந்து நம் மண்ணில் நிரப்புவதை அவர் கடைசிவரை எதிர்த்தார். ஒரு மண்ணுக்குரிய செடிகொடிகளும் அதன் உயிர்களும் ஒன்றையொன்று பற்றி வளர்ந்தவை என்பது அவர் கட்சி. செடியை மாற்றினால் பூச்சி மாறும், பூச்சி மாறினால் குருவி போய்விடும். அவர் தமிழில் அலங்காரம் கிடையாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார், தவறு என்றால் தவறு என்பார். இயற்கையைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதைப் படித்தவர் யாரும் புதரைக் குப்பை என்று சொல்ல மாட்டார்.

காட்டின் மேல்தளத்தை மட்டுமே நாம் காடு என்று நினைக்கிறோம். மாம்பழச்சிட்டு இலைக்கூட்டத்தின் உச்சியில் புழு பொறுக்கும், சரி. ஆனால் விசிறிவால் குருவி ஆள் உயரத்தில் நிழலில் வட்டமடிக்கும். டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையிலிருந்து பூச்சியைப் பாய்ந்து பிடித்துத் திரும்பும். தையல்சிட்டு இடுப்பளவுச் செடியில் அகன்ற இலையைச் சுருட்டித் தைக்கும். புள்ளிச் சிலம்பன் புதரடியிலிருந்து வெளியே தலைகாட்டவே தயங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி. நாம் மொட்டை மாடியை மட்டும் விட்டுவிட்டுக் கீழ்த்தளங்களை இடிக்கிறோம். தேன்சிட்டும் மாம்பழச்சிட்டும் அரசவால் ஈப்பிடிப்பானும் கூட்டை இறுக்கிக் கட்டப் பயன்படுத்துவது சிலந்தி நூல். புதரை வெட்டினால் சிலந்தி ஏது? கொசுவுக்கென்று வாரம் தவறாமல் புகை அடித்தால், பூச்சி தின்னும் குருவி எதைத் தின்னும்?

இதெல்லாம் போரிவலி போன்ற பெரிய காட்டுக்குத்தான், ஊருக்குள் நடக்காது என்று சொல்பவர்களை நான் தாராவிக்கு அழைக்கிறேன்.

பாந்த்ரா–சயான் இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. மாஹிம் பூங்கா என்றும் சொல்வார்கள். சாலையின் ஒரு பக்கம் தாராவி, மறுபக்கம் காடு. 37 ஏக்கர். 1970களில் அது நகரத்தின் குப்பை மேடு. லாரி லாரியாக வந்து கொட்டிய அழுகலும் புகையும் நாற்றமும் தாராவியின் பழைய குடும்பங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியப் பிரிவு அந்த இடத்தை இயற்கைக் கல்விக்கான பூங்காவாக்கலாம் என்றது. 1983இல், எண்பதைத் தாண்டிய சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய கையேடு 1941இல் வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு குருவி பார்க்கக் கற்றவர்கள் மூன்று தலைமுறை. அவர் 1987இல் காலமானார். பூங்கா மக்களுக்குத் திறந்தது 1994இல். வளர்ந்து மூடிய காட்டைப் பார்க்க அவர் இல்லை.

அங்கே நட்டவர்கள் புல்வெளி போடவில்லை, பூச்செடிப் பாத்தி கட்டவில்லை. நம் மண்ணின் மரங்களையும் செடிகளையும் நெருக்கமாக வைத்தார்கள், பிறகு இடம் கொடுத்தார்கள். பாதையை மட்டும் பெருக்குகிறார்கள், இரண்டு பக்கமும் இலை விழுந்த இடத்தில் கிடக்கிறது. குப்பையின் மேல் அந்த இலைகள் வருஷா வருஷம் மக்கி மண்ணாகியிருக்கின்றன. ஓரத்தில் மித்தியின் அலையாத்திகள் சேறு பிடித்து நிற்கின்றன. குளிர்காலத்தில் அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண், தன் உடம்பைப்போல் இரு மடங்கு நீளமுள்ள வெள்ளை வாலை நாடாவாக இழுத்துக்கொண்டு, தாராவியின் தகரக் கூரைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

இந்த வாரக் கோபத்தோடு அங்கேதான் போனேன். தாராவியில் தோல் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அண்ணாச்சி உடன் வந்தார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம், ஆனாலும் சின்ன வயதில் ஊரில் ஆச்சி வீட்டில் வளர்ந்தவர். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூங்கில் பக்கமிருந்து அந்த இரண்டு சுரம் கேட்டது. அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"தம்பி, இது நம்ம ஊரு குருவில்லா?" என்றார். "வாழத்தோட்டத்துல பொழுது சாயும்போது விசிலடிக்கும். மார்கழி, தைல கேட்டுருக்கேன். இது எப்ப இங்க வந்துச்சு?"

அவர் சொன்னது சரி. ஆறுமணிக்குருவி குளிர்காலத்தைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் கழிக்கும். கோடையில் வடக்கே கிளம்பி, தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மும்பைக்கும், அதற்கு மேலே மத்திய இந்தியாவுக்கும் இமயத்து அடிவாரத்துக்கும் போய்க் குஞ்சு பொரிக்கும். மழைக்குப் பின் மறுபடி தெற்கே இறங்கும். இரவில் பறந்து வருவதால் வழியில் காற்றிலும் மழையிலும் களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் குழம்பி ஊருக்குள் இறங்கிவிடும். அப்போது அதற்குத் தேவை ஒரு நிழலான புதரும் கொஞ்சம் சருகும். போரிவலிவரை பறக்கத் தெம்பு வரும்வரை இளைப்பாற ஒரு துண்டு இடம். செம்பூரில் எங்கள் சுவருக்குப் பின்னால் இருந்தது அப்படி ஒரு துண்டுதான். தாராவியின் காடு இன்னும் இருக்கிறது.

இருக்குமா என்ற பயமும் வந்து போனது. தாராவி மறுசீரமைப்பு எல்லைக்குள் பூங்காவையும் சேர்த்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பூங்கா திட்டத்தில் இல்லை என்று 2023இல் அங்கே சொல்லப்பட்டது. அந்த வாக்கை நாம் மறக்கக் கூடாது. தாராவிக் குடும்பங்களுக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும், அவர்கள் குழந்தைகளுக்குச் சாலையைக் கடந்தால் இந்தக் காடும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

சொசைட்டிக் கமிட்டிகளில் இருக்கும் வாசகர்களுக்கு: கன்று நடுங்கள், ஆனால் புதர் இருக்கும் இடத்தை விட்டு வெறுந்தரையில் நடுங்கள். சுவரோரமாக ஒரு பட்டை நிலத்தைத் தோட்டக்காரர் தொடாமல் விடட்டும். இலையை எரிக்காதீர்கள், ஒரு மூலையில் குவித்து மக்க விடுங்கள். கிளை கழிப்பதாக இருந்தால் மழை முடியட்டும், அதற்கு முன் கூடு இருக்கிறதா என்று ஒருவர் நிமிர்ந்து பார்க்கட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணையில் உள்ள பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது.

மற்ற எல்லோருக்கும்: இந்த வாரங்களில் உங்கள் பால்கனியிலோ படிக்கட்டிலோ பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒரு குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தால், பூனையையும் காக்கையையும் விரட்டுங்கள். மெல்லத் துணி போட்டு எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், படம் எடுக்கத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். அடிபட்டிருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெறும் களைப்பு என்றால், தெம்பு வந்ததும் பக்கத்தில் புதர் இருக்கும் இடமாகப் பார்த்து விடுங்கள்.