பாட்டால் என்ன பிரயோசனம்?

எங்கள் குசினியில் கோப்பை கழுவ ஒரு பெடியன் வருகிறான். இங்கே பிறந்தவன். காதில் எப்போதும் ஏதாவது மெற்றல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். போன கிழமை ஒருநாள், முதலாளி இல்லாத நேரம், சத்தமாகவே போட்டான். கேட்ட குரல். 'சிஸ்ரம் ஒவ் எ டவுண்' குழுவின் 'புரொடெக்ற் த லாண்ட்'. நிலத்தைக் காப்பாற்று.

"இது ஆர்மேனியரின்ர பாட்டெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. ஆனா என்ன பிரயோசனம்? பாட்டு வந்து நாலு நாளில சண்டை முடிஞ்சுது. இப்ப அந்த நிலமும் இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை, ஓடர்கள் குவிந்து கிடந்தன. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இந்தக் குழுவின் நால்வரும் ஆர்மேனிய வம்சாவளியினர். பாடகர் சேர்ஜ் டாங்கியன் பெய்ரூத்தில் பிறந்தவர். கிற்றார் வாசிக்கும் டாரன் மலாக்கியன் லொஸ் ஏஞ்சலீஸில், பேஸ் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் யெரெவானில், டிறம்ஸ் அடிக்கும் ஜோன் டொல்மாயன் லெபனானில். 1915 இல் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த இனப்படுகொலையில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள். கலிபோர்னியாவில் ஒன்றுசேர்ந்து, 2001 இல் 'ரொக்சிசிற்றி' என்ற அல்பத்தோடு உலகப் புகழ் பெற்றார்கள். 2005 இல் இரண்டு அல்பங்கள். அதோடு சரி. மேடையில் சேர்ந்து வாசித்தார்கள், புதுப்பாட்டு ஒன்றும் இல்லை.

ஏனென்றால் ஆளுக்காள் ஒத்துவரவில்லை. யார் எழுதுவது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று டாங்கியனும் மலாக்கியனும் 2018 இல் பகிரங்கமாகவே முரண்பட்டார்கள். டொல்மாயன் டிரம்ப் ஆதரவாளர், டாங்கியன் இடதுசாரி. இத்தனைக்கும் இருவரும் சகலன்மார். நம்மூர்க் கோயில் நிர்வாகசபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2020 செப்ரெம்பர் 27 அன்று நாகோர்னோ கராபாக்கில் போர் வெடித்தது. ஆர்மேனியர்கள் ஆர்ட்ஸாக் என்று அழைக்கிற, சர்வதேசச் சட்டப்படி அசர்பைஜானுக்குரிய, ஆர்மேனியர்கள் வாழ்ந்த மலைநாடு. ஆறு கிழமைக்குள், நவம்பர் 6 அன்று, இந்த நால்வரும் இரண்டு பாட்டுகளை வெளியிட்டார்கள். ஒன்று 'புரொடெக்ற் த லாண்ட்', கனமான தாளத்தில் நடக்கிற பாட்டு. மற்றது 'ஜெனோசைடல் ஹியூமனாய்ட்ஸ்', வேகமும் கூச்சலும். 15 வருடத்தில் முதல் புதுப்பாட்டு. இரண்டாம் நாளே சுசி நகரம் தன் கையில் என்று அசர்பைஜான் அறிவித்தது. 10ஆம் திகதி, ரஷ்யாவின் மத்தியஸ்தத்தில் போர்நிறுத்தம். ஆர்மேனியத் தரப்புக்குத் தோல்வி.

வரவேற்பு மூன்று விதமாக இருந்தது. அசர்பைஜான், துருக்கி ரசிகர்கள் பலருக்குக் கசந்தது. அதை நான் விளங்கிக்கொள்கிறேன். 'இசைக்காரருக்கு ஏன் அரசியல்' என்றவர்கள் இரண்டாவது வகை. இருபது வருடமாக இந்தக் குழுவை வேறென்ன நினைத்துக் கேட்டார்களோ தெரியாது. மூன்றாவது, 'சரி, முழு அல்பம் எப்ப வரும்?' என்று கேட்டவர்கள். அங்கே செல் விழுகிறது, இவர்களுக்கு அல்பம் வேண்டும்.

எங்கள் பெடியனின் கேள்வி இவற்றைவிட நேர்மையானது. நிலம் போனது உண்மை. 2023 செப்ரெம்பரில் அசர்பைஜான் மறுபடி தாக்கியது. ஒரு கிழமை சொச்சத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள், கிட்டத்தட்ட முழுச்சனமும், ஆர்மேனியாவுக்கு ஓடினார்கள். கார்களின் மேல் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஊர்ந்த அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பாட்டு எந்த நிலத்தை மீட்டிருக்கிறது? பாட்டால் ட்ரோனைத் தடுக்க முடியாது. பாட்டு செய்யக்கூடியதை மட்டும் வைத்துத்தான் பாட்டை அளக்கவேண்டும். அந்த அளவுகோலில், பதினைந்து வருடமாக ஒரு அல்பத்துக்கு உடன்படாத நான்கு பேர் ஆறு கிழமைக்குள் உடன்பட்டார்கள். யார் பெரியவன் என்பதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். வருமானம் எங்கே போகும் என்று முதல்நாளே பெயர் சொன்னார்கள்: ஆர்மேனியா நிதியம். வந்த தொகையையும் சொன்னார்கள்: 6 லட்சம் டொலருக்கு மேல்.

இதில் எது நமக்குக் கடினம் என்று சொல்லத் தேவையில்லை. 2009 மே 10 இரவு ரொறொன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றவர்களில் நானும் ஒருவன். அன்று இருந்த ஒற்றுமை பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரே நினைவுநாளுக்கு எத்தனை மண்டபங்கள்? எத்தனை உண்டியல்கள்? கணக்கு வாசித்துக் காட்டியவர்கள் எத்தனை பேர்? கேட்டவனைத் துரோகி என்றதுதான் மிச்சம்.

நிற்க. இந்தப் பாட்டை நான் கும்பிடவில்லை. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1988 தொடக்கம் 1994 வரை நடந்த முதல் போரில் அந்தப் பிரதேசத்திலிருந்தும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் அசர்பைஜானியர்கள் பல லட்சம் பேர் துரத்தப்பட்டார்கள். அவர்களும் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் போனார்கள். நிலத்தைக் காப்பாற்று என்கிற பாட்டில் அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை.

இதை ஆர்மேனியருக்குச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. எங்களுக்கு உடுப்புத் தைத்துத் தருகிறவரின் கடை அடுத்தநாள் பூட்டிக் கிடந்தது. என் பள்ளிக்கூடச் சட்டைத்துணி உள்ளே இருந்தது. அம்மாவிடம் துணியைப் பற்றித்தான் கேட்டேன். அந்த மனுசன் எங்கே போனார் என்று கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவரைப் பற்றி நாங்கள் ஒரு பாட்டும் எழுதவில்லை.

ஆகவே தம்பி, பாட்டால் பிரயோசனம் இருக்கிறது. தோற்ற பிறகும் இருக்கிறது. ஆர்ட்ஸாக் என்ற பெயரை நீ எங்கே முதலில் கேட்டாய்? ஸ்காபரோவில் பிறந்த உனக்கு அதைச் சொல்லித்தந்தது பள்ளிக்கூடமா, இந்தப் பாட்டா? அவர்களிடமிருந்து படிக்கவேண்டியது கோபத்தை அல்ல, அது எங்களிடம் தாராளமாக இருக்கிறது. சண்டையை ஒதுக்கிவைத்து ஒரு வேலையை முடிப்பதையும், காசுக்குக் கணக்குச் சொல்வதையும் படி. அவர்கள் பாடாமல் விட்டதை, அந்தத் தையற்கடைக்காரரை, நாங்கள் பாடுவோம். அதற்கு முதலில் அவர் எங்கே போனார் என்று கேட்கப் பழகவேண்டும். எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

நாளைக்கு அந்தப் பாட்டைத் திரும்பவும் போடு. முதலாளி வந்தால் நான் சமாளிக்கிறேன்.