படம் கீறி சோறு திங்க ஏலுமா டீச்சர்?



போன கிழமை ஒரு உம்மா பாடசாலைக்கு வந்தார். மகள் அடுத்த வருடம் தரம் 10. சித்திரப் பாடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். அந்தப் பிள்ளையை நான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கம் முழுக்கத் தோணி, வலை, மீன்வாடி. நல்ல கை.

"நல்லாக் கீறுறாளே, ஏன் மாத்துறீங்க?" என்றேன்.

"படம் கீறி சோறு திங்க ஏலுமா டீச்சர்?"

அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன். அந்த உம்மாவுக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும்.

நமது நாட்டில் படம் வரைந்தே வாழ்ந்த ஒரு பெண் இருந்தார். சிபில் வெத்தசிங்க. காலிக்குப் பக்கத்தில், நம்மவர்களும் நெடுங்காலமாக வாழும் கிந்தோட்டையில் பிறந்தவர். ஓவியத்தை ஒரு கல்லூரிக்குப் போய் முறையாகப் படித்தவரல்ல. 15 வயதில் அவருடைய படங்கள் கொழும்பில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் எச்.டி. சுகதபால. றோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமை ஆசிரியர். அவர் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. தான் எழுதிக்கொண்டிருந்த 'நவ மக' வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரையும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தார்.

பிறகு 'லங்காதீப' பத்திரிகை, அதன் பிறகு லேக்ஹவுஸின் 'ஜனதா'. அங்கே வரைந்துகொண்டிருந்தவர் கதையும் தானே எழுதத் தொடங்கினார். 1956இல் 'குட ஹொரா' புத்தகமாக வந்தது. 'குடைத் திருடன்' என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எழுதியும் வரைந்தும் அவர் கைபட்ட புத்தகங்கள் இருநூறுக்கும் மேல். அந்த உம்மாவின் கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில்: அவர் சோறு தின்றது பத்திரிகைச் சம்பளத்திலும் புத்தகத்திலும். படம் கீறித்தான்.

இன்றைக்கு அந்த வேலை இன்னும் பெருகியிருக்கிறது. பாடப் புத்தகத்துக்குப் படம் வேண்டும். கடைப் பெயர்ப்பலகை, கல்யாணக் கார்ட், துணி டிசைன், கட்டிட வரைபடம், எல்லாவற்றுக்கும் வரையத் தெரிந்த கை வேண்டும். எல்லோருக்கும் கைநிறையக் கிடைக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரம் படித்த பிள்ளை பட்டினி கிடக்கும் என்பதும் பொய்.

உருவம் வரைவது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் கேட்பீர்கள். அது உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது, நான் அதற்கு ஆளில்லை. கடலும் தோணியும் தென்னையும் வீடும் வரைவதற்கு நிறைய இருக்கின்றன. அதோடு, அந்த உம்மா கேட்டது மார்க்கத்தைப் பற்றி அல்ல, சோற்றைப் பற்றி.

சோற்றை விடவும் எனக்குக் கவலையான விஷயம் வேறொன்று. தரம் 4 பிள்ளைகளிடம் "உங்கட ஊரக் கீறுங்க" என்று சொல்லிப் பாருங்கள். முப்பது பிள்ளைகளில் இருபது பேர் இரண்டு மலை கீறி, நடுவில் சூரியனை வைப்பார்கள். நமது ஊரில் மலை எங்கே இருக்கிறது? சூரியன் கடலுக்குள்ளிருந்து அல்லவா எழும்புகிறது? தினமும் கண்ணால் காண்பதைப் பிள்ளை கீறவில்லை, எங்கோ பார்த்த படத்தைக் கீறுகிறது. ஏனென்றால் அதன் ஊரைக் காட்டும் படப் புத்தகம் ஒன்றுகூட அதன் கைக்குக் கிடைக்கவில்லை.

'குட ஹொரா'வைப் பாருங்கள். குடையே தெரியாத ஒரு கிராமம். மழைக்கு வாழை இலையைப் பிடிக்கிறார்கள். பட்டணம் போன கிரி மாமா குடை வாங்கி வருகிறார். கடையில் கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. சிங்களப் பாட டீச்சரிடம் இரவல் வாங்கி, படத்தைக் காட்டித் தமிழில் இந்தக் கதையைச் சொன்னேன். "கள்ளன் யாரு டீச்சர்?" என்று வகுப்பே எழும்பி நின்றது. கள்ளன் ஒரு குரங்கு. குடைகளைக் கண்டுபிடித்த கிரி மாமா, ஒன்றைக் கள்ளனுக்கென்றே விட்டுவிட்டு வருகிறார். தனது கிராமத்தை அப்படியே வரைந்த இந்தப் புத்தகத்துக்கு 1986இல் ஜப்பானில் பரிசு கிடைத்தது. சொந்த ஊரை வரைந்தால் உலகம் பார்க்காது என்று யார் சொன்னது?

கடைசிவரை அவர் பிள்ளைகளை நம்பினார். 2020இல் ஒரு கதையின் முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். 1,250 முடிவுகளோடு அது கின்னஸ் சாதனையானது. அதே வருடம் ஜூலையில், 92 வயதில் காலமானார்.

இப்போது என் பக்கத்துத் தவறு. போன வருடம் எங்கள் பாடசாலை மலருக்கு அட்டைப்படம் இன்டர்நெட்டில் இருந்து எடுத்தோம். யாரோ ஒரு வெளிநாட்டு வகுப்பறை. அந்தப் பிள்ளை கூப்பிடு தூரத்தில் இருந்தது, எனக்கும் ஞாபகம் வரவில்லை. சுகதபால மாஸ்டர் செய்ததை நான் செய்யவில்லை. பிறகு உம்மாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: மூத்தம்மா சொல்லும் கதையை ஒரு கோடில்லாக் கொப்பியில் பிள்ளை எழுதி வரையட்டும். விளையாட்டுக் கழகங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும்: பரிசளிப்புக்குக் கண்ணாடிக் கோப்பைக்குப் பதிலாகப் படப் புத்தகம் கொடுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு: பாராட்டு போதாது, வேலை கொடுங்கள்.

இந்த வருட மலரின் அட்டையை அந்தப் பிள்ளையிடம் கொடுக்க அதிபரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார். உம்மாவுக்கும் கோல் எடுத்துச் சொன்னேன். "வாப்பாட்டக் கேட்டுச் சொல்றன் டீச்சர்" என்றார்.

பாடம் மாற்றும் படிவம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நல்ல பதில் வரும், இன்ஷா அல்லாஹ்.