ஜூன் மாதத்தில் ஒரு குளிர்காலம்

ஜூன் மாதம், சனிக்கிழமை காலை. மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது போன் அடித்தது. நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் குளிர் அறை பழுதாகி, வெப்பம் 8 டிகிரிக்கு ஏறிவிட்டதாம். அங்கே அண்டார்டிக் கடற்பாசிகளை 0 டிகிரியில் வளர்க்கிறோம். காரைத் திருப்பினேன். வகுப்பு இல்லையென்று மகளுக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே ஜெர்மனியின் கோடை வெயில். அறைக்குள் கும்மிருட்டு.

"லைட்டைப் போடாதேங்கோ பிள்ளை."

"ஏனப்பா?"

"இதுகளின்ரை ஊரிலை இப்ப குளிர்காலம்."

இவை கிங் ஜார்ஜ் தீவுக் கடலைச் சேர்ந்தவை. ஜூனில் அங்கே பகல் ஏறக்குறைய 5 மணி நேரம்தான். எங்கள் விளக்குகள் அந்தத் தீவின் நாட்காட்டிப்படியே எரிந்து அணையும். கிறிஸ்டியான் வீன்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் இப்படிப் பகல்நீளத்தை மாற்றி மாற்றி நீண்டகாலம் வளர்த்துப் பார்த்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டார். ஹிமன்டோதல்லஸ் என்ற பழுப்புப் பாசி கடலில் 10 மீட்டருக்கு மேல் நீளும். ஆனால் அதன் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாத இழைகள். குளிர்காலத்தின் குறுகிய பகலில்தான் அந்த இழைகள் கருவுறத் தயாராகும்.

"குளிர் மட்டும் குடுத்தால் காணாதோ?"

"உயிரோடை இருக்கும். அடுத்த தலைமுறை வாறதுதான் கஷ்டம்."

சொல்லிவிட்டு நானே கொஞ்சம் பேசாமல் நின்றேன். டோர்ச்சின் மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடித் தட்டுகளை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினோம். பெட்டியின் மூடியைப் பிடித்தவள் அவள்தான். எல்லாவற்றையும் பக்கத்து அறைக் குளிர்பெட்டிக்கு மாற்றினோம்.

நானும் இங்கேயே பிறந்தவன். எங்கள் வீட்டுத் தமிழ் என்ன? சனிக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பு. மிச்ச நாளில் "சாப்பிடு, பல்லைத் தீட்டு, படு." தமிழை உயிரோடு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கென்று தினமும் ஒரு பொழுது நான் கொடுக்கவில்லை.

அன்றிரவு தொடங்கினோம். படுக்கமுன் லைட்டை அணைத்துவிட்டு, அன்றைய நாளைத் தமிழில் சொல்லவேண்டும். நானும் சொல்லுவேன். இடையில் ஜெர்மன் சொல் வந்தால் வரட்டும், திருத்துவதில்லை. சில இரவு இரண்டு நிமிடம், சில இரவு அரை மணி நேரம்.

ஆனால் ஒவ்வொரு இரவும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, குட்டிப் பாசி வந்திட்டுதோ?"

போன கிழமை நுண்ணோக்கியில் பார்த்தேன். இழைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பழுப்பு இலைகள். அன்றிரவு அவள் கேட்கமுன் நானே சொன்னேன்.