தடுத்தவர் யார் என்று சொல்லாத வாக்கியம்

உபுண்டு அல்லது டெபியன் இயங்கும் கணினியில் மேம்படுத்தல் கட்டளையை இட்ட எவரும் அந்த வரியைக் கண்டிருப்பர்: ‘பின்வரும் பொதிகள் தடுத்து வைக்கப்பட்டுள்ளன.’ கீழே நான்கைந்து பெயர்கள். திரை நகர்ந்துவிடும், கண்டவரும் நகர்ந்துவிடுவார். மொழியியல் ஆய்வகங்களிலும் இதுவே நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. செயப்பாட்டு வினையில் வினைமுதல் ஏன் மறைகிறது என்று மாணவருக்குப் பாடம் எடுப்பவர்கள், தம் திரையில் வினைமுதல் மறைந்து நிற்கும் வாக்கியத்தை ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

தடுத்தவர் மூவருள் ஒருவராக இருக்கலாம். முதலாமவர் மனிதர்: ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ என்ற கட்டளையால் என்றோ ஒரு நாள் ஒரு பொதியைப் பிடித்து நிறுத்தியவர். இரண்டாமது ஆப்ட் என்னும் நிரலே: புதிய பதிப்பு வரவேண்டுமானால் வேறொரு பொதியை நீக்கியாக வேண்டும் என்ற நிலையில், எதையும் நீக்காத சாதாரண மேம்படுத்தல் கட்டளை பின்வாங்கிவிடுகிறது. மூன்றாமவர் வழங்குநர்: உபுண்டு சில புதுப்பிப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் தருவதில்லை, சிறிது சிறிதாக விழுக்காட்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கணினியின் முறை எப்போது வரும் என்பது அதன் அடையாள எண்ணைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 21.04 பதிப்பு முதல் ஆப்ட் இதை மதித்து நடக்கிறது. ஆகவே ஒரே மேசையில் அருகருகே இருக்கும் இரு கணினிகள் சில நாள்கள் வெவ்வேறு பதிப்புகளில் இயங்கக்கூடும். (ஒரே வட்டுப் படியிலிருந்து எல்லாக் கணினிகளையும் நிறுவி, அடையாள எண்ணையும் மாற்றாமல் விட்ட ஆய்வகங்களில் இவ்வேற்றுமை தோன்றாது. சோம்பல் தந்த ஒருமைப்பாடு!)

ஒன்று முடிவு, ஒன்று முரண்பாடு, ஒன்று காத்திருப்பு. மூன்றுக்கும் நெடுங்காலம் ஒரே வாக்கியம்தான். அண்மைப் பதிப்புகள் காத்திருப்பதை மட்டும் தனித் தலைப்பில் காட்டத் தொடங்கியிருக்கின்றன. மற்ற இரண்டையும் பிரித்தறிவது இன்னமும் பயனரின் பொறுப்பு.

இதைத் திருவனந்தபுரத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த நகரம் இது. 2019இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் தயாரானபோது, மிச்சமாகும் உரிமக் கட்டணம் 3,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்கான அந்த இயங்குதளம் ஓரிடத்தில் திட்டமிட்டுத் தொகுக்கப்படுவது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்தவர் யார் என்பதாவது தெரியும். உயர்கல்வி ஆய்வகத்தில் அதுவும் இல்லை. முன்பு இருந்த ஆய்வாளர் ஒரு பொதியை நிறுத்தி வைப்பார். பட்டம் பெற்றுப் போய்விடுவார். காரணமும் அவரோடு போய்விடும். பாதுகாப்புப் புதுப்பிப்பு அப்பொதிக்கு வந்துகொண்டே இருக்கும், வாசலிலேயே நின்றுகொண்டும் இருக்கும்.

பாதுகாப்பு கணினிக்காரர் கவலை என்று ஒதுக்குவோர் தரவுக்காவது செவி கொடுக்கட்டும். 2018 ஆகஸ்டில் வெளியான கிளிப்சி 2.28 நூலகம் அகரவரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியது. அதற்கு முன், ஆங்கில வட்டார அமைப்பில் சிறுகோடு முதற்கட்ட ஒப்பீட்டில் கணக்கில் வராது, பின்னர் வருகிறது. ‘11’, ‘1-1’ என்ற இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழைய நூலகம் ‘11’ஐ முதலில் வைக்கும், புதியது ‘1-1’ஐ முதலில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தவர்கள் சுட்டுவரிசைகளை மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. சொற்களை உருபன்களாகப் பிரித்து இடையில் சிறுகோடு இடுவது யார் வழக்கம்? மொழியியலார் வழக்கம். உபுண்டு 18.04இல் இருந்தது கிளிப்சி 2.27, 20.04இல் 2.31. ஒரே சொற்பட்டியல், ஒரே கட்டளை, இரு வரிசை.

மலையாளத் தரவில் சிக்கல் இன்னும் ஆழமானது. சில்லெழுத்துகளுக்கு 2008இல் ஒருங்குறி 5.1 தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, இணைப்புக் குறி என மூன்றைச் சேர்த்து அவற்றை எழுதினர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் வேறு வேறு சொற்கள். எது வெளிப்படும் என்பது தட்டச்சிடும் பொதியையும் அதன் பதிப்பையும் பொறுத்தது. பழைய பொதி நிறுத்திவைக்கப்பட்ட கணினியில் சேர்த்த தரவையும் புதிய கணினியில் சேர்த்த தரவையும் கலந்துவிட்டு, ஒரு விகுதி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், அந்த எண் எதைக் குறிக்கும்?

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகள் யாரிடமிருந்து கிடைத்தவை என்பதை முகவுரையில் எழுதிவைத்தார். அதே நூலுக்கு வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. சொல்லடைவு என்பதே வரிசையை நம்பி நிற்கும் நூல். இம்மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் துறைகளிலிருந்து இன்று வெளிவரும் ஆய்வேடுகளில் ‘பைதான் பயன்படுத்தப்பட்டது’ என்ற ஒரு வரிதான் காணக் கிடைக்கிறது. அதுவும் செயப்பாட்டு வினை!

இரு தரப்பார் இதற்கு எளிய மருந்து வைத்திருக்கின்றனர். முழு மேம்படுத்தல் கட்டளையை இட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடு என்பது ஒரு தரப்பு. அக்கட்டளை வழிக்கு இடையூறான பொதிகளை நீக்கவும் செய்யும் என்பதை அவர்கள் திரையில் வாசிப்பதில்லை. ஓடுவதைத் தொடாதே என்பது மற்றொரு தரப்பு. இரண்டும் பட்டியலைப் படிக்காமல் தப்பிக்கும் வழிகளே. கன்டெய்னரில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்போர், அதற்குள்ளும் பொதிகளே இருக்கின்றன என்பதை மறக்கின்றனர்.

பட்டியல் முழுமையானதும் அன்று. விருப்பக் கோப்பில் முன்னுரிமை எண் கொடுத்துப் பழைய பதிப்பிலேயே கட்டிவைத்த பொதி, தடுக்கப்பட்டவற்றின் வரிசையிலும் வராது, ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ காட்டும் வரிசையிலும் வராது. ஸ்னாப் வழியாக நிறுவியவை ஆப்டின் பார்வைக்கே அப்பாற்பட்டவை. எனவே ஒரு கட்டளையின் விடையை ஒட்டிவைத்தால் போதாது. நிறுத்தியவற்றைத் தேடி எழுதவேண்டும். ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுமுன் பிடித்து வைத்த பொதிகளைச் சரிபார்க்கும்படி டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளே சொல்கின்றன.

ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டியதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி ஆய்வேட்டை வரி வரியாக அளக்கும் நெறியாளர்கள், பின்னிணைப்பில் இன்னும் ஒரு பக்கம் கேட்கட்டும். நிறுவிய பொதிகளின் பதிப்பு எண்கள்; நிறுத்திய பொதிகளின் பெயர், நிறுத்தியவர், நாள், காரணம். புதிய சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இன்றே கேட்கலாம்: அட்டவணையிலுள்ள இந்த எண்ணை எந்தக் கணினி தந்தது, அன்று அதில் எதை யார் தடுத்து வைத்திருந்தார்?