நாம் விற்பதை நாம் ருசித்திருக்கிறோமா?

ஆயுளில் ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய பண்டங்கள் என்று இப்போது இளைஞர்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி அல்வா, மதுரை ஜிகர்தண்டா, ஆம்பூர் பிரியாணி என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு, சாப்பிட்டதும் ஒரு 'டிக்' போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஊர் ஊராகப் போய்ச் செலவழிக்கிறவர்களால் வியாபாரிகளுக்கு நன்மைதான். ஆனால் இப்படியொரு பட்டியல் அவர்களைவிட மளிகைக்கடைக்காரருக்கே அவசியம் என்பது நம் கருத்து. அது வெளியூர் ஓட்டலிலிருந்து அல்ல, நம் கடை அலமாரியிலிருந்து தொடங்க வேண்டும்.

"அண்ணாச்சி, இந்தக் கருப்பட்டி எப்படி இருக்கும்?" என்று ஒரு அம்மா கேட்கிறார். "நல்லாப் போகுதும்மா" என்று கல்லாவிலிருந்தபடி பதில் சொல்கிறோம். அவர் கேட்டது ருசியை. நாம் சொன்னது விற்பனையை. எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கைக் கைப்பேசிச் செயலியும் சொல்லும், பத்து நிமிடத்தில் சரக்கைக் கொண்டுவந்தும் கொடுக்கும். சாப்பிட்டுப் பார்த்த மனிதன் எதிரே நின்று சொல்லும் ஒரு வார்த்தைதான் அதனிடம் இல்லாதது. அதையும் நாம் கைவிட்டால், தெருக்கடைக்கு அந்த அம்மா ஏன் நடந்து வரவேண்டும்?

கருப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். பாளை சீவி, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது அது. இத்தனை உழைப்பில் வருவது சீனி விலைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது என்றால், உள்ளே சீனி இருக்கிறது என்றுதான் அர்த்தம். பதநீர் காலம் போன பிறகு வருவது இருப்புச் சரக்கு. அதன் ருசியும் வேறு. இதையெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு கட்டியையும் கடையில் இருக்கும் கட்டியையும் உடைத்து, அடுத்தடுத்து வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் பனையின் மணமும் மெல்லிய கரிப்பும் தெரியும். மற்றதில் வெறும் தித்திப்பு மட்டும் நிற்கும்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் குறியீடு பெயரைக் காக்கிறது. அந்த வட்டாரத்தில் உரிய முறையில் செய்யாதவர் அப்பெயரைப் போடக்கூடாது என்கிறது. நம் கடைக்கு நேற்று வந்திறங்கிய மூட்டைக்கு அது ஜாமீன் நிற்காது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் குறியீடு வந்தது. அந்த ஊர்ப் பெயர் போட்ட பாக்கெட்டை விற்கிறவர்கள், ஒரு முறை பஸ் ஏறிப் போய் அங்கேயே வாங்கித் தின்றுவிட்டு வருவது நல்லது. பால்கோவா அன்று எப்படி இருக்கிறது, மூன்றாம் நாள் எப்படி மாறுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். உதிரியாக விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் விதியும் வந்தது.

பட்டியல் என்றதும் இனிப்பும் காரமும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் வியாபாரத்தின் முதுகெலும்பு பருப்பும் மிளகாயும் அல்லவா? ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் நீட்டு மிளகாயையும் ஒரே நாளில் தனித்தனியாக அரைத்து இரண்டு குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டவர், வாடிக்கையாளர் கேட்டால் தடுமாறமாட்டார். துவரம்பருப்பில் இரண்டு ரகம் வந்தால், விலையைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். எது சீக்கிரம் வெந்தது, எது கரைந்தது, எது மணந்தது என்று அடுப்படியிலிருந்து வரும் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில சமயம் விலை குறைந்த ரகம் ஜெயித்துவிடுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. விற்பனைப் பிரதிநிதி நீட்டும் சாம்பிளை ருசித்துவிட்டுப் பட்டியலில் டிக் போடக்கூடாது. சாம்பிள் ஒரு தரம், மூட்டை ஒரு தரம் என்பது நமக்குத் தெரியாததா? மூட்டையைப் பிரித்து, நடுவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

"சரக்கைத் தின்று தீர்த்தால் லாபம் எங்கே?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்ளலாம். வாரத்துக்கு ஒரு பண்டம், ஐம்பது கிராம். எலி தின்பதைவிடக் குறைவு. நம்மில் ஐம்பதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர்களுக்கு நகக்கண் அளவு போதும். கூடவே கடைப் பையனுக்கும் கொடுங்கள். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறவன் பெரும்பாலும் அவன்தானே.

அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதுவதில் பயனில்லை. சேலத்து வியாபாரிக்கு மரவள்ளிக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியின் ரகங்கள் தெரிந்திருக்க வேண்டும். நாகர்கோவில்காரருக்கு மார்த்தாண்டம் தேன். பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பண்டங்களை எழுதுங்கள். கடையில் நன்றாக ஓடுவது, ஆனால் வீட்டில் ஒருநாளும் சமைக்காதது எதுவோ அதை முதலில் எழுதுங்கள். எதிரே ருசித்த தேதி, கொள்முதல் விலை, யாரிடம் வாங்கியது, நாக்கு என்ன சொன்னது என்று நாலு கட்டம் போதும். அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் பேரம் பேசும்போது அந்தப் பக்கத்தின் அருமை தெரியும்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ருசி தெரிந்த பிறகு, "இது வேண்டாம்மா, பாயசத்துக்குச் சரிவராது" என்று சில சமயம் சொல்ல வேண்டிவரும். அன்றைக்கு ஒரு கிலோ விற்காது. பழைய சரக்கு தேங்கவும் செய்யும். அந்த நஷ்டத்தை ஏற்கலாம் என்பதே நம் நிலை. மொத்த வியாபாரிகளும் திருப்பி அனுப்பும் சரக்கை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டால்தான் இது நடக்கும். அவர்களுடன் இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் கடையில் விற்கும் ஒரு பண்டத்தில் நூறு கிராமும், அதன் கொள்முதல் சீட்டும் கொண்டுவரலாம். தேநீருக்கு முன்பாகவே ருசித்துவிடுவோம். பிறகு நாக்கில் ஒன்றும் ஏறாது.