இங்கே குடியிருப்பவர் எவருக்கும் ஊசி: நீலகிரிவாழ் மக்களின் கோரிக்கைச் சாசனம்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா ஆகிய ஆறு வட்டங்களில் குடியிருக்கும் நாங்கள் இந்தச் சாசனத்தை மாவட்ட ஆட்சியருக்கும், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கும் அளிக்கிறோம்.

எங்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர், ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் நேபாளத்துப் பிள்ளைகள், பள்ளிகளில் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியர்கள், ஓய்வுக்காலத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட முதியவர்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்து தோட்டத்து உறவினரோடு ஒண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். மற்றவர்கள் குடிமக்கள். ஒரே தோட்டத்து லயன் வீட்டு வரிசையில் இவர்களோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள், ஒரே மினி பஸ்ஸில் இடித்துக்கொண்டு போகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி இல்லையென்றால் நோய் நம் வீட்டுக்கும் வரும் என்பது தெரிந்துதான் அவர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் இல்லாமலும் கையெழுத்திட்டிருப்பார்கள்.

கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்று கேட்கலாம். கொள்ளைநோய் உச்சத்தில் இருக்கும்போது எந்த அதிகாரிக்கும் புது விதி எழுத நேரமிருக்காது. கையில் இருக்கும் விதியைத்தான் புரட்டிப் பார்ப்பார். அந்த விதிப்புத்தகத்தில் நாங்கள் இல்லை. இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை, மற்றதெல்லாம் அதன் விவரம்.

2021-ல் நடந்தது

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. மார்ச் 1-ல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏப்ரல் 1-ல் 45 வயதைக் கடந்தவர்களுக்கும், மே 1-ல் 18 வயது நிறைந்த எல்லோருக்கும் என்று படிப்படியாக விரிந்தது. இந்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் தங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பதிவு செய்யலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது ஆகஸ்ட் 9-ல்தான். அதற்குள் இரண்டாம் அலை வந்து, மே மாதத்தில் தமிழ்நாட்டையே முழு ஊரடங்கில் முடக்கிவிட்டு இறங்கியும் விட்டது. அந்த மாதங்களில் வெளிநாட்டவர் ஊருக்குத் திரும்பவும் வழக்கமான விமானங்கள் இல்லை. சிக்கிக்கொண்டவர்களுக்கு உள்துறை அமைச்சகம் கட்டணமில்லாமல் விசாவை நீட்டித்துக் கொடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் இங்கேயே இருங்கள் என்று ஓர் அமைச்சகம் சொல்லிவிட, உங்களுக்கு ஊசி உண்டு என்று இன்னோர் அமைச்சகம் தெளிவாகச் சொல்ல ஏறத்தாழ ஏழு மாதம் ஆனது.

அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போடத் தனி வழிமுறை ஒன்றை அமைச்சகம் அந்த ஆண்டு வேனிலில் வெளியிட்டது. நாடோடிகள், சிறைவாசிகள், மனநலக் காப்பகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் இருப்போர், சாலையோரம் பிச்சையெடுப்போர், மறுவாழ்வு முகாம்களில் இருப்போர் என்று அதில் பட்டியல் இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த முகாமிலும் சேராமல் லயன் வீட்டில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் ஒருவர் இந்தப் பட்டியலில் எங்கே வருவார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இது களத்தில் எப்படி முடியும் என்பதைச் சொல்ல வேண்டும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். ஒரு முறை திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். தோட்ட மருந்தகத்துத் திண்ணையில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர், சாயங்காலம் கடைசிக் குப்பியைத் திறந்து ஏழு பேருக்குப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். மூன்று டோஸ் மிச்சம். வாசலில் ஆதார் இல்லாத மூன்று பேர் நிற்கிறார்கள். அவருக்குப் போட மனமிருக்கிறது, கணினியோ அடையாள எண்ணைக் கேட்கிறது. பதிவு செய்ய வந்த பையன் ஓடிபி வருமா என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி மேட்டுக்குப் போயிருக்கிறான். அந்த மூன்று டோஸும் வீணாகலாம், அல்லது செவிலியர் துணிந்து போட்டுவிடலாம். போட்டாலும் அது அவருடைய தயவு, பெற்றவருக்குச் சான்றிதழ் வராது.

(கோவின் தளம் 2021 ஜூனில் மாநில மொழிகளில் வந்தபோது தமிழ் முதலில் விடுபட்டிருந்தது. கேட்ட பிறகே சேர்த்தார்கள். ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழிக்கே அந்தக் கதி என்றால் கையளவு ஆட்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.)

இத்தனையும் சொல்வது இந்த மாவட்ட நிர்வாகத்தைக் குறைகூற அல்ல. தகுதியுள்ள பழங்குடியினர் அனைவருக்கும் முதல் டோஸ் போட்டு முடித்ததாக 2021 ஜூன் இறுதியில் அறிவித்தது இதே நீலகிரிதான். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கே முகாம் போனது, அவர்களுடைய ஆட்களே பேசிப் பயத்தைப் போக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்க வருகிறவரிடமும் ஊசிச் சான்றிதழ் கேட்ட மாவட்டமும் இதுவே. மனம் வைத்தால் இந்த நிர்வாகம் யாரையும் தேடிப் பிடித்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

இந்த மலையின் பழைய கணக்கு

தடுப்பூசியையும் அயலாரையும் பற்றிப் பேச நீலகிரியை விடத் தகுந்த இடம் இல்லை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஐரோப்பியப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்கான ஊசி கிடைத்த இடம் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலி. தெற்கிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அந்த மரணம் எழுப்பிய வேதனையில்தான் தென்னிந்தியாவுக்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடை அதற்கு உதவ, 1907-ல் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் திறக்கப்பட்டது. இறந்தவர் ஐரோப்பியர், பணம் தந்தவர் அமெரிக்கர், முறையைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அந்த நிலையத்தின் ஊசியால் பிழைத்தவர்கள் தமிழர், மலையாளி, படகர், கன்னடர் என்று எல்லோரும்.

1957-ல் ஆசியக் காய்ச்சல் என்ற இன்புளுயன்சா மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. அதை ஆராய்ந்தவர்களும் குன்னூரில் இயங்கிய இன்புளுயன்சா மையத்தினரே. வைரஸ் எந்த நாட்டுப் பயணியோடு வந்தது என்பது நோயைத் தடுப்பதில் யாருக்கும் உதவவில்லை.

தோட்டத்துக் கதை இன்னும் கசப்பானது. இலங்கைத் தேயிலைக்கு ஆள் பிடித்துப் போன காலத்தில், கடல் தாண்டுவதற்கு முன் எங்கள் பாட்டன் பாட்டிகளை மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தி வைத்து அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். எந்த நாட்டுக் குடிமகன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தோட்டத்துக்குக் கூலி வேண்டியிருந்தது, அதனால் ஊசி முதலில் வந்தது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவான பிறகு குடியுரிமைக் காகிதம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டது, அதுதான் இன்றைய டான்டீ. ஒப்பந்தக் கணக்கில் வந்தவர்களுக்குக் குடியுரிமை உண்டு. அகதியாக ஓடி வந்த இலங்கை மலையகத் தமிழர் பலர் இன்னும் நாடற்றவர்கள். அவர்களில் சிலரது குடியுரிமை மனுவைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்குகள் முடியும்போது முடியட்டும். அதுவரை ஊசி காத்திருக்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள்

ஒன்று. கொள்ளைநோய்க் காலத் தடுப்பூசிக்குத் தகுதி வசிப்பிடம் மட்டுமே என்று மாநில அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். வயது, உடல்நிலை, வேலை ஆகியவற்றால் வரும் முன்னுரிமை குடிமக்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நாளில் திறக்க வேண்டும். இது சலுகை அல்ல. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களல்லாதவர்களுக்கும் உண்டு என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிங்கப்பூர் 2020 டிசம்பரிலேயே, ஊசி வந்திறங்குமுன், தன் குடிமக்களுக்கும் நீண்டகாலம் தங்கியிருப்போருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அப்படித்தான் ஊசி பெற்றார்கள். அவர்களுக்குக் கிடைத்ததை இங்குள்ள அயலாருக்கு மறுத்துவிட்டு நாம் எந்த முகத்தோடு வெளிநாட்டு அரசுகளிடம் பேசுவது?

இரண்டு. பாஸ்போர்ட், அகதிப் பதிவுச் சான்று, நேபாளக் குடியுரிமைச் சான்று, தோட்டத்தின் சம்பளச் சீட்டு ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும். எதுவும் இல்லாதவருக்கு கிராம நிர்வாக அலுவலரோ, கிராம சுகாதார செவிலியரோ, தலைமையாசிரியரோ கையெழுத்திட்டால் போதும். திறந்த குப்பியில் மிச்சமுள்ள டோஸ் எதிரில் நிற்பவருக்குச் சொந்தம் என்று எழுத்தில் கொடுங்கள், செவிலியர் பயப்படாமல் போடட்டும்.

மூன்று. இதைத்தான் நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். ஊசிப் பட்டியல் காவல்துறைக்கோ குடிவரவு அலுவலகத்துக்கோ போகக் கூடாது. மலேசியா 2021 பிப்ரவரியில், ஊசி போட வரும் ஆவணமற்ற தொழிலாளரைக் கைது செய்ய மாட்டோம் என்றது. சில மாதங்களில் உள்துறை அமைச்சரே ஆவணமற்றோரைத் தேடிப் பிடிப்போம் என்று அறிவித்தார், சோதனைகளும் நடந்தன. அதற்குப் பிறகு முகாமுக்கு எவர் வருவார்? இங்கே ஒரு வெளிநாட்டவர் விடுதியில் அறை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரம் காவல்துறைக்குப் போய்விடுகிறது. எங்களை எண்ணுவது அரசுக்குத் தெரியாத வேலை அல்ல. அந்த எண்ணிக்கை எத்தனை டோஸ் வேண்டும் என்று கணக்குப் போட உதவட்டும். ஊசிக்கூடத்திலிருந்து பெயர்கள் எதிர்த்திசையில் போக வேண்டாம்.

நான்கு. தூதரகத்தைக் கேளுங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. தாய்லாந்தில் ஊசி கிடைக்காமல் தவித்த தன் நாட்டவருக்கு பிரான்ஸ் 2021-ல் ஊசி அனுப்பியது. சீனாவும் வெளிநாடுகளிலுள்ள தன் மக்களுக்கென்று தனித் திட்டமே நடத்தியது. பணக்கார நாடுகளால் அது முடியும். ஊட்டிச் சந்தையில் கடை போட்டிருக்கும் திபெத்தியருக்கு எந்தத் தூதரகம் பெட்டி அனுப்பும்? நாடற்ற தோட்டத் தொழிலாளிக்கு?

ஐந்து. ஒரு நாட்டில் முதல் டோஸ், இன்னொரு நாட்டில் இரண்டாவது டோஸ் என்று ஆனவர்களுக்கு இரண்டையும் ஒரே சான்றிதழில் பதியும் வழி வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் 2021 நவம்பர் 3-ல்தான் கிடைத்தது. கோவிஷீல்டு போட்டுச் சென்ற இந்தியரையும் அக்டோபர் 11 வரை பிரிட்டன் ஊசி போடாதவராகவே நடத்தியது. அடுத்த முறை எந்த ஊசி எங்கே செல்லும் என்பதைப் போடுவதற்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு. தோட்ட முகாம்களைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், நிறுக்கும் இடத்திலேயே நடத்த வேண்டும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். இந்த விடுப்பு இல்லாததால்தான் பலர் முகாமுக்கே வரவில்லை.

ஏழு. இலவசம். 2021-ல் தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். கொழுந்து பறிப்பவருக்கு இதில் குறைந்த விலைகூட ஏறத்தாழ இரண்டு நாள் கூலி.

எட்டு. அறிவிப்புகள் தமிழ், படகா, மலையாளம், இந்தி, நேபாளி, திபெத்திய மொழிகளில் வேண்டும். ஒலிபெருக்கி வைத்த ஒரு ஜீப் போதும்.

ஒன்பது. குன்னூர் பாஸ்டியர் நிலையத்தின் உற்பத்தி உரிமம் 2008-ல் நிறுத்தப்பட்டுப் பின்னர் திரும்பக் கிடைத்தது. செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகம் கட்டி முடிந்தும், 2021-ல் நாடே ஊசிக்குத் தவித்தபோது ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் கிடந்தது. பொதுத்துறையில் ஊசி தயாராகாத வரை யாருக்கு முதலில் என்ற சண்டை ஓயாது, அந்தச் சண்டையில் எப்போதும் தோற்பவர்கள் வாக்குச்சீட்டு இல்லாதவர்கள்தான். இரண்டு நிலையங்களும் முழு அளவில் இயங்க வேண்டும்.

இந்தச் சாசனத்தை வரும் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கிறோம். முதல் மூன்று கோரிக்கைகளுக்கு ஒன்றிய அரசின் அனுமதிக்குக் காத்திராமல் மாநில அரசே ஆணை பிறப்பிக்கலாம் என்பது எங்கள் கருத்து. 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் எழுதித் தாருங்கள். இதைப் படிப்பவர்களில் இந்த மலையில் குடியிருக்கும் எவரும், எந்த நாட்டவரானாலும், கீழே கையெழுத்திடலாம், கைநாட்டும் செல்லும்.